நெற்றியில் கட்டிய புத்தி

‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டின் தொடக்கப் பகுதியில் ஒரு பாழடைந்த கிராமம் வரும். கோப்ளின்கள் பிடித்துவைத்திருக்கும் இடம். அங்கே ஓர் இடிந்த வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று ஓகர்கள் ஒரு பிணத்தைத் தின்றுகொண்டிருப்பார்கள். ஓகர் என்பவன் ஐரோப்பியக் கதைகளில் வரும் ஆள்தின்னித் தடியன். நம் அரக்கனுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் அரக்கர்களுக்குத் தவம் உண்டு, வரம் உண்டு, வீணை வாசிக்கத் தெரிந்தவர்கூட உண்டு. ஓகருக்கு உடம்பு மட்டும்தான்.

வாளை உருவுவதா, வந்த வழியே நழுவுவதா என்று நாம் தடுமாறும்போது அவர்களின் தலைவன் வாயைத் திறக்கிறான். கல்லூரிப் பேராசிரியர் தோற்றார். பிசிறில்லாத வாக்கியங்கள், நிதானம், கொஞ்சம் மேட்டிமை. கூலி படிந்தால் உங்களுக்காகச் சண்டைக்கு வருகிறேன் என்று பேரம் பேசுகிறான். பெயர் லம்ப், பிண்டம் என்று அர்த்தம். பெயரோடு ‘ஞானம் பெற்றவன்’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட இருக்கும் இருவரும் பிணத்திலேயே குறியாக இருக்கிறார்கள்.

ரகசியம் அவன் தலையில் இருக்கிறது. மாயம் ஏற்றிய ஒரு நெற்றிப்பட்டை. அதைக் கட்டியவர் யாராக இருந்தாலும் அவருடைய அறிவு 17 ஆகிவிடும். லம்ப்பைக் கொன்றால் அது நம் பைக்கு வரும். கோடாரியைத் தவிர வேறெதுவும் தெரியாத, அறிவில் 8 புள்ளியோடு கிளம்பிய வீரனுக்குக் கட்டிவிட்டால் அவனும் அதே நொடியில் 17. நம்மோடு வரும் மந்திரவாதி கேலுக்குக் கட்டினால் ஒன்றும் நடக்காது. அவன் ஏற்கெனவே 17. கற்றவன் தலையில் அது வெறும் துணி.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் இது ஒரு சின்னக் காட்சி; பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் மூளையை வளர்க்கும் தலையணி என்ற, ஐம்பதாண்டு விளையாட்டுகளிலும் அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய கதைகளிலும் தொடர்ந்து வருகிற ஒரு பொருளின் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. கட்டினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் விதி எழுதுபவர்களுக்கும் கதை எழுதுபவர்களுக்கும் கை நடுங்குகிறது.

*

அறிவை எண்ணாக்கியதில் பெரும்பங்கு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டுக்கு உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டது. பகடை, காகிதம், பென்சில், கூடவே நிறையப் பேச்சு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள்: பலம், அறிவு, விவேகம், லாவகம், உடல்வலு, கவர்ச்சி. மூன்று பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகைதான் குணத்தின் அளவு. எனவே 3இலிருந்து 18 வரை. அறிவும் விவேகமும் வேறுவேறு என்று அன்றே பிரித்துவைத்ததைப் பாராட்ட வேண்டும். நம்மூரில் ‘படிச்சவன்தான், ஆனா புத்தி இல்ல’ என்று திண்ணையில் சொல்வதை அவர்கள் இரண்டு கட்டங்களாகப் போட்டார்கள்.

பலத்தில் தகராறு இல்லை. என் பாத்திரத்துக்குப் பலம் 18 என்றால் கதவை உடைக்கும் வேலையைப் பகடை பார்த்துக்கொள்ளும். மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் நோஞ்சானாக இருக்கலாம். அறிவு அப்படியல்ல. கதவில் விடுகதை எழுதியிருந்தால் அதை அவிழ்ப்பது யார்? 18 புள்ளி வைத்திருக்கும் மந்திரவாதியா, தேநீர்க் கோப்பையோடு முழிக்கும் நானா? பாத்திரத்துக்குக் கையை இரவல் தரலாம். மூளை என்னுடையதாகவே இருந்து தொலைக்கிறது. அறிவு என்ற கட்டத்துக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தாக வேண்டும் என்பதால், அது பெரும்பாலும் மந்திரம் போடும் திறனாகவும் எத்தனை திறமைகள் தெரியும் என்ற கணக்காகவும் சுருங்கியது.

இந்தக் கணக்குக்குள் நெற்றிப்பட்டை நுழைந்தபோது வம்பு வந்தது. 2000இல் வெளியான மூன்றாம் பதிப்பு, 2003இல் திருத்தப்பட்ட 3.5 பதிப்பு ஆகியவற்றின் பட்டை, மெல்லிய கயிற்றில் கோத்த ஒரு சிறு கல். கல் நெற்றியில் வந்து படியும். படிக்கும் தமிழருக்கு உடனே அடையாளம் தெரியும்: நெற்றிச்சுட்டிதான். கட்டினால் அறிவு 2 அல்லது 4 அல்லது 6 புள்ளி கூடும். விலை முறையே 4,000, 16,000, 36,000 பொற்காசு. கூடும் புள்ளியை அதனாலேயே பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் விலை வந்துவிடும். புத்தி நேர்க்கோட்டில் கூடுகிறது, விலை வர்க்கத்தில் ஏறுகிறது. நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டிய பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பதிப்பில் ஒவ்வொரு நிலை உயரும்போதும் அறிவுக்கு ஏற்பப் புதிய திறமைப் புள்ளிகள் கிடைக்கும். பட்டையைக் கட்டிக்கொண்டு நிலை உயர்ந்து, வரலாறும் மொழிகளும் கற்று, பிறகு பட்டையைக் கழற்றிவிட்டால்? கற்றது போகுமா, இருக்குமா? விதி எழுதியவர்கள் சிக்கலை அவிழ்க்காமல் வெட்டிவிட்டார்கள்: பட்டை தரும் அறிவுக்குத் திறமைப் புள்ளி கிடையாது. மந்திரம் கூடுதலாகப் போடலாம், கற்க முடியாது. கெட்டிக்காரனாக இருக்கலாம், ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது.

இது உறுத்தியிருக்க வேண்டும். அதே விதிகளிலிருந்து கிளைத்து 2009இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ வேறு வழி பிடித்தது. அங்கே பட்டை செய்யப்படும்போதே அதற்குள் ஒரு கல்வி பொதிந்துவிடுகிறது. ஒரு பட்டையில் வரலாறு, இன்னொன்றில் மொழியியல். விலை உயர்ந்ததில் இரண்டு, மூன்று. 24 மணி நேரம் தொடர்ந்து அணிந்தால் அந்தத் துறையில் தேர்ச்சி வந்துவிடும். கழற்றினால் தேர்ச்சி பட்டையோடு போய்விடும். படித்தது பட்டை, நீங்கள் அதைச் சுமந்தவர்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு கூட்டல் கணக்கையே விட்டது. கட்டினால் அறிவு 19, அவ்வளவுதான். ஏற்கெனவே 19 உள்ளவருக்குப் பயனில்லை. லம்ப்பின் பட்டை இந்த வம்சத்தில் கொஞ்சம் நசுங்கிப் பிறந்த பிள்ளை.

பட்டைக்குப் பக்கத்திலேயே இதே விதிநூல்களில் இன்னொரு பொருள் உண்டு: தெளிந்த சிந்தனைக்கான நூல். புத்தகம்தான். 3.5 பதிப்பில் அதைக் குறைந்தது ஆறு நாள்களில் 48 மணி நேரம் படித்தால் அறிவு ஒரு புள்ளி நிரந்தரமாகக் கூடும். அந்த ஒரு புள்ளிக்கு விலை 27,500 பொற்காசு. இரண்டு புள்ளி தரும் பட்டை 4,000 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூல் தரும் அறிவால் பின்னாளில் திறமைப் புள்ளிகளும் கிடைக்கும் என்று விதி தனியாகக் குறிப்பிடுகிறது. கழற்ற முடியாத அறிவு ஒரு புள்ளி, கழற்றக்கூடிய அறிவு இரண்டு புள்ளியைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு விலை. பூதங்களும் டிராகன்களும் வாழும் உலகத்தில் இப்படியொரு கறாரான கல்விக் கொள்கை.

*

மேசையிலிருந்து திரைக்கு வந்தபோது அறிவு இன்னும் இளைத்தது. 2004இல் தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் தலையில் அணியும் மகுடங்களும் முக்காடுகளும் ஏராளம். அவற்றில் எழுதியிருக்கும் அறிவு என்பது தொடக்கத்தில் மந்திரசக்தித் தொட்டியின் கொள்ளளவு. பிற்காலத்தில் மந்திரத்தின் அடி வலுவும் அதில் சேர்ந்தது. ‘டயாப்லோ 3’இல் மந்திரவாதியின் அறிவு கூடினால் அவன் தரும் அடி கூடும். ‘டோட்டா 2’விலும் கிட்டத்தட்ட அதே கதை. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாடும் பையன்களிடம் ரபாடனின் தொப்பியைப் பற்றிக் கேட்டால் கண் மின்னும். ஏற்கெனவே இருக்கும் மந்திர வலுவை இத்தனை சதவீதம் பெருக்கித் தருவது அது. இவற்றில் எதுவும் யாரையும் சிந்திக்க வைப்பதில்லை. அறிவு என்று பெயர் எழுதிய வெடிமருந்துக் கிடங்குகள். 2011இல் ‘ஸ்கைரிம்’ கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது: முந்தைய பாகங்களில் இருந்த அறிவு என்ற குணத்தையே எடுத்துவிட்டு, அது செய்துகொண்டிருந்த வேலைக்கு உரிய பெயரான மந்திரசக்தியை மட்டும் வைத்துக்கொண்டது.

அந்தத் தொடரின் முந்தைய பாகங்களில் ஒன்றான ‘மாரோவிண்ட்’ (2002) ஒரு வேடிக்கையைக் காட்டிக்கொடுத்தது. அதில் மருந்து காய்ச்சும் திறன் அறிவைப் பொறுத்தது. அறிவைக் கூட்டும் மருந்தும் காய்ச்சலாம். குடித்தால் அறிவு கூடும். கூடிய அறிவோடு காய்ச்சினால் இன்னும் வீரியமான மருந்து. அதைக் குடித்தால் இன்னும் அறிவு. ஐந்தாறு சுற்றில் எண் வானத்துக்குப் போய்விடும். அறிவு தன்னையே தின்று வளர்ந்தால் என்னவாகும் என்று இன்று செயற்கை நுண்ணறிவுக் கருத்தரங்குகளில் கவலைப்படுகிறார்கள்; மாரோவிண்ட் ஆடியவர்கள் அதைச் சமையலறைச் சட்டியில் பார்த்துவிட்டார்கள். அத்தனை அறிவும் கடைசியில் எதற்குப் பயன்பட்டது என்றால், மருந்தை விற்கவும் எதிரியை ஒரே அடியில் வீழ்த்தவும்தான்.

அறிவைப் பேச்சாகக் காட்டிய விளையாட்டுகள் கொஞ்சம்தான். மனதில் நிற்பவை அவையே. ‘ஃபால்அவுட்’ தொடரின் முதல் இரண்டு பாகங்களில் (1997, 1998) அறிவு 1 முதல் 10 வரை. நான்குக்குக் கீழே வைத்துக்கொண்டு தொடங்கினால் நாயகனுக்கு உறுமலும் முனகலும்தான் வரும். ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள், விரட்டுவார்கள், கதையின் பாதி வேலைகளை ஒப்படைக்கவே மாட்டார்கள். அறிவைக் கூட்டும் மாத்திரை அங்கே உண்டு. போட்டால் பேச்சு வரும், வேகம் இறங்கும்போது இருந்ததைவிடக் கீழே தள்ளிவிடும்.

இரண்டாம் பாகத்தில் கிளாமத் என்ற ஊரில் டோர் என்று ஒருவன். மாடு மேய்ப்பவன், மந்தபுத்தி என்று ஊர் ஒதுக்கியவன். சாதாரண அறிவுள்ள நாயகனோடு பேசும்போது குழந்தைபோல இரண்டு சொல் உளறுவான். அதே டோரிடம் அறிவு குறைந்த நாயகனாகப் போய் நின்று பாருங்கள். இருவரும் கனவான்களைப் போல உரையாடுவார்கள். நீண்ட, நயமான, நாகரிகம் சொட்டும் வாக்கியங்கள். உளறல் என்று நாம் கேட்டது அவன் பேச்சில் இருந்ததா, நம் காதில் இருந்ததா? எந்தத் தொப்பியும் இல்லாமல், நாலைந்து வரி உரையாடலில், அறிவு என்ற எண்ணின் மீதே ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார்கள். லம்ப்பின் காட்சியை நான் ரசிக்கிறேன். டோரின் காட்சிக்கு எழுந்து நிற்பேன்.

*

விளையாட்டுகள் தலையணியைச் சந்தையில் வைத்தன. கதைகள் அதை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தன.

ஹாரி பாட்டர் கதைகளில் ரோவினா ராவென்கிளாவின் மகுடம் அணிந்தவருக்கு ஞானம் கூடும் என்பது நம்பிக்கை. அம்மாவைவிடக் கெட்டிக்காரியாக வேண்டும் என்று மகள் ஹெலினா அதைத் திருடிக்கொண்டு அல்பேனியக் காட்டுக்கு ஓடினாள். அங்கே கொலையுண்டு ஆவியானாள். பிறகு கதையின் வில்லன் வோல்டமார்ட் அதில் தன் ஆன்மாவின் ஒரு துண்டை ஒளித்தான். அது இன்னதென்று தெரியாமலேயே ஹாரி ஆறாம் புத்தகத்தில் அதைக் கையில் எடுக்கிறான். தான் மறைத்த ஒரு நூலுக்கு அடையாளமாக, உடைந்த ஒரு மார்பளவுச் சிலையின் தலையில் ஒரு பழைய விக்கை மாட்டி அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறான். ஞானம் தரும் மகுடம் வாசகர் கண்முன் ஏறி உட்கார்ந்த தலை சிலைத்தலை ஒன்றுதான். ஏழாம் புத்தகத்தில் ஹாரியின் தோழி லூனாவின் அப்பா அதன் நகலைச் செய்ய முயல்கிறார். தலையில் வைத்தால் நடமாடும் ஓட்டை உடைசல் கடை. அணிந்து அறிவாளியானவர் என்று ஒருவரையும் கதாசிரியர் ரவுலிங் நமக்குக் காட்டவில்லை. தற்செயலாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

தொப்பிக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்ட கதைகளில் மூத்தது, எனக்குத் தெரிந்தவரை, சீனத்தில் இருக்கிறது. 1592இல் அச்சான ‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவலில் குரங்கு வீரன் சுன் வூகாங், சீடனாக இருக்க ஒப்புக்கொண்டும் அடங்காமல் திரிகிறான். குரு திரிபிடகர் மூட்டையில் ஒரு பூவேலைத் தொப்பி. இது என்ன என்று குரங்கு கேட்கிறது. சின்ன வயதில் நான் அணிந்தது, இதைப் போட்டுக்கொண்டால் கற்காமலேயே சூத்திரங்களை ஓதலாம் என்கிறார் குரு. பாடம் படிக்காமல் பாஸாக வழி என்றால் எந்தக் குரங்குக்குத்தான் ஆசை வராது! எனக்குக் கொடுங்கள் என்று வாங்கி மாட்டிக்கொள்கிறது. தொப்பிக்குள் பொன் வளையம். குரு மந்திரத்தை முணுமுணுக்க, வளையம் இறுகி மண்டைக்குள் வேர்விடுகிறது. தொப்பி கிழிகிறது, வளையம் வருவதில்லை.

தமிழில் ‘குல்லா போடுவது’ என்றால் நைச்சியமாக ஏமாற்றுவது. ஒரு துறவி தன் சீடனுக்கு நிஜமாகவே குல்லா போட்ட கதை இது. சீன மரபில் அலையும் மனதைக் குரங்கு என்பார்கள்; நாவலின் வூகாங் அதற்கு உருவம். மனம் ஒரு குரங்கு என்று நாமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் குரங்குக்கு அறிவைக் கூட்டுவதாகச் சொல்லித் தலையில் வைத்தது, அதன் துள்ளலைக் கழிக்கும் கருவி.

கழித்தல் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், உண்மையிலேயே வேலை செய்யும் ஒரே கற்பனைத் தொப்பி என்று நான் மதிப்பதும் கழிக்கும் தொப்பிதான். டெரி பிராட்செட் 1993இல் எழுதிய ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் டெட்ரிட்டஸ் என்ற டிரோல் நகரக் காவலில் சேர்கிறான். பாறை உடம்பு, வணக்கம் வைத்தால் கை மண்டையில் மோதி அவனே சாயும் அளவுக்கு மந்தம். ஒருநாள் எலும்பு உறையும் குளிரூட்டும் கிடங்கில் மாட்டிக்கொள்கிறான். அங்கே சாவை எதிர்நோக்கி நிற்கும்போது அவன் மூளை வேகமெடுக்கிறது. சுவரில் உறைந்த பனியில் விரலால் சமன்பாடுகளை எழுதித் தள்ளுகிறான். டிரோல்களின் மூளை சிலிக்கானால் ஆனது. வெப்பத்தில் மந்தமாகும், குளிரில் பாயும். அவர்கள் முட்டாள்கள் இல்லை; ஊர் அவர்களுக்குச் சூடாக இருந்தது. காவலில் அவனோடு ஜோடி சேர்ந்த குள்ளன் கடி, இனப்பகையை மறந்து அவனுக்கு ஒரு தலைக்கவசம் செய்து தருகிறான். உள்ளே சாவி கொடுத்தால் சுழலும் ஒரு சின்ன விசிறி. மந்திரம் எதுவும் இல்லை. டெட்ரிட்டஸின் தலைக்குள் எதையும் அது போடவில்லை; சூட்டை மட்டும் வெளியே எடுத்தது.

*

அறிவும் தலையணியும் சேர்ந்த பழக்கம் நாவல்களைவிடப் பழையது. பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் பொன்தகட்டால் ஆன ஒரு கூம்புத் தொப்பி இருக்கிறது. சுமார் மூவாயிரம் ஆண்டுப் பழமை, உயரம் 74.5 செ.மீ., எடை 490 கிராம்தான். உச்சி முதல் விளிம்பு வரை வட்ட வட்டமாகப் பொறிப்புகள். சூரிய, சந்திர ஆண்டுகளைப் பொருத்தும் நாள்காட்டிக் கணக்கு அந்த வட்டங்களில் இருப்பதாக அருங்காட்சியக ஆய்வாளர் வில்ஃபிரீட் மென்கின் வாசித்தார். அது சரியென்றால் இது அறிவைத் தரும் தொப்பி ஆகாது. அறிவை எழுதிவைத்த தொப்பி. அணிந்தவர் தலைக்குள் இருப்பதைவிடத் தலைமேல் இருப்பது அதிகம்.

ஆங்கிலத்தில் யோசிக்க உட்காருவதைத் தொப்பி மாட்டிக்கொள்வதாகச் சொல்லும் வழக்கு உண்டு. அதை நிஜத் தொப்பியாகவே காட்டிய சிறுவர் நூல் 1765இல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட ‘குடி டூ ஷூஸ்’. அதில் நாயகி மார்ஜெரி, ஓயாமல் சண்டையிடும் தம்பதிகளுக்காக மூன்று பக்கமுள்ள ஒரு யோசனைத் தொப்பியைத் தயாரிக்கிறாள். ஒரு பக்கத்தில் நான் தவறாக இருக்கலாம் என்றும், அடுத்ததில் அநேகமாகத் தவறுதான் என்றும், மூன்றாவதில் யோசிக்கிறேன் என்றும் பொருள்படும் வாசகங்கள். கோபம் வந்தால் மாட்டிக்கொண்டு மூன்றையும் படிக்க வேண்டும். இந்தத் தொப்பியும் எதையும் தலைக்குள் போடவில்லை. நிச்சயத்தைக் கொஞ்சம் கழித்தது.

தமிழில் இதற்கு வேறு கதை இருக்கிறது, சொல்லுக்குள்ளேயே. பட்டம் என்றால் முதலில் நெற்றியில் கட்டும் பொன்தகடு. அரசனுக்குப் பட்டம் கட்டினார்கள். யானைக்கு இன்றும் நெற்றிப்பட்டம் கட்டுகிறார்கள். சிறப்பின் அடையாளமான அந்தத் தகடு பிறகு சிறப்புப் பெயருக்கு ஆனது, கடைசியில் பல்கலைக்கழகம் தரும் காகிதத்துக்கு ஆனது. தாரி என்றால் அணிந்தவர். ஆக, பட்டதாரி என்பவர் சொல்லின்படி நெற்றிப்பட்டை கட்டியவர்தான். லம்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1900இல் பாம் எழுதிய நூலில் மூளை கேட்ட வைக்கோல் பொம்மைக்குத் தவிட்டோடு ஊசிகளைக் கலந்து தலையில் திணிக்கிறார் போலி மந்திரவாதி. 1939இல் வந்த திரைப்படத்தில் மூளைக்குப் பதில் ஒரு பட்டயச் சான்றிதழ். வாங்கிய கையோடு பொம்மை கணிதத் தேற்றம் ஒன்றை மிடுக்காக ஒப்பிக்கிறது. தேற்றம் தப்பு.

கழற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் நமக்குப் புதிதில்லை. விக்கிரமாதித்தன் கதையின் தொடக்கத்தில், கொல்லைக் காவலுக்குப் பரண்மேல் ஏறினால் வழிப்போக்கரை எல்லாம் வா, வேண்டிய மட்டும் தின்று போ என்று அழைக்கிறவன், கீழே இறங்கியதும் ஐயோ என் பயிர் என்று அலறுகிறான். போஜராஜன் அந்த இடத்தைத் தோண்ட, சிங்காசனம் கிடைக்கிறது. ஆனால் உட்கார விடமாட்டோம் என்கின்றன 32 பதுமைகள்; படிக்கு ஒரு கதை, ஒவ்வொன்றின் முடிவிலும் உனக்குத் தகுதி உண்டா என்று ஒரு கேள்வி. அந்தக் கதைகளைக் கேட்டு முடிப்பதற்குள் சிங்காசனம் தர வேண்டியதைக் கதைகளே தந்துவிடுகின்றன.

*

நிஜ உலகத்திலும் முயன்றிருக்கிறார்கள். அறிவியல் புனைவு என்ற துறைக்கே இதழ் நடத்திய ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1925 ஜூலையில் தன் பத்திரிகையில் ஒரு தலைக்கவசத்தை வெளியிட்டார். மரம், தக்கை, மேலே கம்பளித்துணி. கண்ணுக்கு நேரே கண்ணாடி. அதையும் கருப்படித்து ஒரு மெல்லிய கீறலை மட்டும் விட்டிருந்தார், படிக்கும் வரியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி. சத்தம் வராது, பக்கத்து மேசை தெரியாது. உள்ளே மூச்சு முட்டித் தூக்கம் வந்ததால் ஆக்சிஜன் உருளை ஒன்றையும் குழாயோடு இணைத்தார். படத்தில் அவர் ஆழ்கடல் முத்துக்குளிப்பவர்போல மேசைமுன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். சிரிப்பு வரும். ஆனால் அவர் கண்டுபிடித்ததும் கழித்தல்தான். இரைச்சலை அடைக்கும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அலுவலகத்தில் உட்காரும் இளைஞர்கள் அவருடைய வாரிசுகள்.

கூட்டும் பட்டை கடைக்கு வந்தது 2013இல். ஃபோகஸ் என்ற பெயரில், விளையாட்டுப் பிரியர்களைக் குறிவைத்து 249 டாலருக்கு விற்ற நெற்றிப்பட்டை, மின்முனைகள் வழியே மண்டைக்குள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும். அடிப்படை அறிவியல் பொய்யில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ச், பாவ்லஸ் இருவரும் 2000இல், ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் உடலசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியின் தூண்டுதிறனை மாற்றுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் சி, ஸ்னைடர் இருவரும் 2011இல் 60 பேருக்குத் தீக்குச்சிப் புதிர்கள் கொடுத்தார்கள். போலி மின்னோட்டம் பெற்றவர்களில் 20 சதவீதம் பேரும் குறிப்பிட்ட ஒரு திசையில் நிஜமாகப் பெற்றவர்களில் 60 சதவீதம் பேரும் கடினமான புதிரை அவிழ்த்தார்கள். ஸ்னைடரின் விளக்கம் கவனிக்கத்தக்கது: பழைய அனுபவம் மூளையைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்ததால்தான் புதிய வழி தெரிந்தது என்றார். இங்கேயும் கழித்தல். நான்கு ஆண்டு கழித்து, ஒரேமுறை செலுத்தும் மின்னோட்டம் பற்றிய ஆய்வுகளை ஹார்வத் குழுவினர் மொத்தமாகச் சேர்த்து எடைபோட்டு, ஆரோக்கியமானவர்களின் சிந்தனைத் திறனில் நம்பத்தகுந்த விளைவு எதுவும் தேறவில்லை என்று எழுதியது தனிக்கதை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆக்ஸ்ஃபோர்டில் இயூகுலானோ, கோஹன் கடோஷ் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு நாள்கள், புதிதாக உருவாக்கிய எண் குறிகளைக் கற்க வேண்டும். மூளையின் பின்பகுதியில் ஓரிடத்தைத் தூண்டினால் கற்றல் வேகமானது. கற்றதை யோசிக்காமல் சரளமாகப் பயன்படுத்துவது குறைந்தது. முன்பகுதியில் தூண்டினால் நேர்மாறு: சரளம் கூடியது, கற்றல் மெதுவானது. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் இறங்கும் தராசு. விளையாட்டு வடிவமைப்பவர்கள் இந்தத் தாளைப் படித்தால், பட்டையில் அறிவுக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியையும் பொறிப்பார்கள்.

வூகாங்கின் வளையம் 2024 ஆகஸ்டில் மறுபடியும் திரைக்கு வந்தது. ‘பிளாக் மித்: வூகாங்’ விளையாட்டில் நாயகக் குரங்கு ஐம்புலன்களுக்கு உரிய எச்சங்களைத் தேடி அலைகிறது, ஆறாவதாக மிஞ்சுவது மனம். வழக்கமான முடிவில் அந்தப் பொன் வளையம் புதிய குரங்கின் தலையில் ஏறுகிறது. மறைவாக வைத்திருக்கும் இன்னொரு முடிவை எட்டினால் ஏறுவதில்லை.

பழைய நாவலில் பயணம் முடிந்து புத்தநிலை கிடைத்ததும் வூகாங் குருவிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறான்: நானும் உங்களைப் போல ஆகிவிட்டேனே, இனியாவது மந்திரத்தைச் சொல்லி இந்த வளையத்தைக் கழற்றுங்கள், உடைத்துப் போடுகிறேன், இன்னொருவன் தலையில் இது ஏறக்கூடாது. குரு, தலையைத் தொட்டுப் பார் என்கிறார். வூகாங் கையை உயர்த்தித் தடவுகிறான். அங்கே வெறும் மயிர்தான் இருந்தது.